புவனகிரி சாலையில் ஒரு கைதட்டல்

ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் வாழ்கிறவர்கள் பின்னாலிருந்து கைதட்டிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் விடிவதற்குள் நாமும் புடவை தேடுவோம் என்று நம்பியிருந்தேன். நாற்பது வயதுக்காரன், பெரிய மீசை வேறு வைத்திருப்பவன், நம்பினேன்!

அறுபத்து நான்காம் வருடம், ஐப்பசி மாதச் சாயங்காலம். திருப்பாதிரிப்புலியூரில் சிதம்பரம் பஸ் ஏறியிருந்தேன். அப்படி ஒருத்தியும் ஏறினாள். பெண்கள் பக்கம் போனாள். "இங்க ஒக்காராத" என்று முந்தானையை இழுத்துக்கொண்டார்கள். ஆண்கள் பக்கம் வந்தாள். பின் சீட்டில் இரண்டு பேர், "மடி காலியாத்தான் இருக்கு, வா மச்சான்" என்று இளித்தார்கள். என் பக்கத்து இடம் காலி. அவசரமாக அங்கே என் குடையை உட்கார வைத்தேன். அவள் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தாள்.

புவனகிரி தாண்டியதும் பஸ் மக்கர் செய்தது. மற்றவர்கள் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க, இருட்டுவதற்குள் போய்விடலாம் என்று நான் நடையைக் கட்டினேன். கொஞ்ச தூரம் போயிருப்பேன். பின்னால் கைதட்டல்.

திரும்புவேனா? வேட்டியை மடித்துக் கட்டினேன். கைதட்டல் வேகமானது, நான் ஓட்டம் பிடித்தேன். கொலுசுச் சத்தமும் ஓடி வந்தது. பிள்ளையாரில் ஆரம்பித்து நடராஜர் வரைக்கும் கூப்பிட்டுவிட்டு, வாய்க்கால் சேற்றில் போய் விழுந்தேன்.

"ஏண்ணே இப்டி ஓடுறீங்க?" அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நீ ஏம்மா தொரத்துற?"

"நான் எங்கண்ணே தொரத்துனேன்? பஸ்ஸுல இருந்த அந்த ரெண்டு பேரும் எம் பின்னாடியே வரானுங்க. அதான் கையத் தட்டுனேன். என்ன உட்டுட்டுப் போயிடாதீங்கண்ணே."

எட்டிப் பார்த்தேன். இரண்டு பீடி நெருப்புகள் நெருங்கிக்கொண்டிருந்தன. அதுவரைக்கும் பொய்ப் பயம்; இது அசல். ஆனாலும் வாய் எப்போதும் போலப் புளுகியது: "வேகமா வா தங்கச்சி! போலீஸ் மச்சான் எதுக்கால சைக்கிள்ல வராரு!" மீசைக்குச் சம்பந்தமே இல்லாத கீச்சுக்குரலில் கத்தினேன். நெருப்புகள் நின்றன. பிறகு திரும்பிப் போயின.

சிதம்பரத்து விளக்குகள் தெரிந்ததும்தான் அவள் பேசினாள். "பஸ்ஸுலியே ஒங்க பக்கத்துல ஒக்காரலாம்னு பாத்தேண்ணே. கொட இருந்திச்சி."

இன்றைக்கும் பஸ் ஏறினால் குடையை மடியில்தான் வைத்துக்கொள்கிறேன். எப்போதாவது பின்னால் கைதட்டல் கேட்டால் அந்தச் சாலை நினைவுக்கு வந்துவிடும். அங்கே நடந்தது இவ்வளவுதான்: அவள் துணைக்குக் கூப்பிட்டாள், நான் ஓடினேன்.