இரண்டு மனைவியரின் பெயர் போட்ட மரண அறிவித்தல்

இரும்புக் கதிரையின் முதல் அடியில் திரை போனது. இரண்டாவது அடியில் கணினிப் பெட்டியின் தகடு உள்ளே போனது. மூன்றாவதற்கு அவன் கதிரையை ஓங்குவதற்குள் நான் குனிந்து என் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டேன். கதிரைக் கால் என் தோளில் இறங்கியது.

மானிப்பாய் அச்சகம் ஒன்றில் நடந்தது; நான் எழுதிய மரண அறிவித்தல் மென்பொருளைப் போட்டுக்கொடுக்க அங்கே போயிருந்தேன். அடித்தவன் இறந்தவரின் மூத்த மகன். மேசையோரம் நின்றவள் அதே மனிதரின் இரண்டாம் தாரத்து மகள். ஒரே தகப்பனுக்கு மரண அறிவித்தல் அடிக்க இருவரும் வந்திருந்தார்கள். அவளுடையதில் காலஞ்சென்ற முதல் மனைவியின் பெயருக்குப் பின்னால் அவளுடைய தாயின் பெயரும் சேர்ந்து, "ஆகியோரின் அன்புக் கணவரும்" என்று இருந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணப் பதிவை யாரும் கேட்பதில்லை. மின்கம்பத்தில் ஒட்டிய நோட்டீசில் பெயர் இல்லாதவள் மனைவி இல்லை.

"அந்த மனுசியின்ரை பேரை எடு எண்டனெல்லே? இனி அடியுங்கோ பாப்பம்!"

அவன் போனபின் அச்சக முதலாளி கதவை இழுத்துப் பூட்டினார். "பிள்ளை, குறை நினையாதை. அவனுக்குப் பயந்து இந்தப் பக்கத்திலை ஒருத்தரும் உனக்கு அடிச்சுத் தரமாட்டினம்."

அவள் அழவில்லை. "அண்ணை, உங்கடை சாமான் என்ரை மடிக்கணினியிலை ஓடுமோ?" என்றாள் என்னிடம்.

ஓடுமோவா! அதற்காகத்தானே எழுதினேன். இங்கே அச்சகக் கணினிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்துச் சாமான். பாதியில் தமிழ் சதுரம் சதுரமாகத்தான் வரும். ஆகவே எழுத்துரு, கரைச் சித்திரம், குத்துவிளக்கு எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் கட்டிவிட்டேன். நிறுவத் தேவையில்லை, இணையம் தேவையில்லை, சொடுக்கினால் ஓடும். அச்சகக்காரர்கள் தாங்களாகவே கொடிகாமம் வரை பிரதி எடுத்துப் பரப்பியிருந்தார்கள்.

கொக்குவிலில் அவளுடைய வீடு. மடிக்கணினியில் பென்டிரைவைச் செருகிச் சொடுக்கியதும் எச்சரிக்கை பாய்ந்தது.

"உது வைரஸ் எண்டெல்லோ சொல்லுது?"

"இல்லை, எழுதினவனை ஆரெண்டு தெரியாதாம். ஓடு எண்டு அமத்துங்கோ."

திறந்தது. தாயின் பெயரை அவளே தட்டினாள். இரண்டு முறை பிழைத்துத் திருத்தினாள். வீட்டு அச்சுப்பொறி ஒவ்வொரு தாளாகத் துப்பியது. அறிவித்தலை அடிக்கச் சொல்லிக் கொடிகாமத்தில் இருந்த அவளுடைய தாய்மாமனுக்கும் அனுப்பினோம். அங்குள்ள அச்சகக்காரனுக்கு இந்தச் சண்டையும் தெரியாது, அந்த மகனையும் தெரியாது.

நண்பகல் தாண்டியதும், உடல் கிடந்த முதல் தாரத்து வீட்டின் படலைக்கு எதிரே, மின்கம்பத்தில் அவள் பசை தடவி ஒட்டினாள். அவளுடைய தாய் பக்கத்தில் நின்றார். கணவனின் உடலைப் பார்க்க அவரை உள்ளே விடவில்லை.

மூத்த மகன் பாய்ந்து வந்து நகத்தால் சுரண்டிக் கிழித்தான். அவள் அடுத்த தாளை ஒட்டினாள். அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தான். இழுபட்டபடியே மூன்றாவதை ஒட்டினாள். நான் குறுக்கே விழ, அவனுடைய முழங்கை என் உதட்டைப் பிளந்தது.

"இன்னும் எத்தினை வைச்சிருக்கிறாயடா? தா இஞ்சை!"

வாயில் இரத்தத்தோடு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிழியுங்கோ அண்ணை. கொடிகாமத்திலை பெரிசா அடிச்சாச்சு. மாமன் சந்திக்குச் சந்தி ஒட்டிக்கொண்டு வாறார். இன்னும் எத்தினை கம்பியூட்டரை உடைப்பியள்?"

அவன் என்னை விட்டான். கம்பத்தைக் குத்தினான். கொங்கிறீற்றில், அந்தப் பெயரின்மேல், திரும்பத் திரும்பக் குத்தினான். விரல் மூட்டுகள் பிய்ந்து தாள் சிவந்தது. பந்தலுக்குள் பறை நின்றது. எல்லோரும் எழுந்து பார்த்தார்கள்.

அவளுடைய தாய் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "விடு மோனை. கை உடைஞ்சால் கொள்ளிக்குடத்தை என்னெண்டு தூக்குவாய்?"

அவன் உதறிய வேகத்தில் அவர் ஒழுங்கை மண்ணில் விழுந்தார். ஒருவரும் தூக்கிவிடவில்லை. அவன் அடிபட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சு வாங்கினான், அவரைப் பார்க்கவில்லை.

அவர் தானாகவே எழுந்தார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல், அவனைச் சுற்றிக்கொண்டு போய், படலையைத் தள்ளித் திறந்து உள்ளே நடந்தார்.