பேனையை மூடிவைக்கச் சொன்ன அக்கா

அக்காவின் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னபோது பயந்துபோனேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். ஏதும் பிழையாக எழுதிவிடுவேனோ என்ற கவலையோடுதான் எழுதுகிறேன்.

அக்கா கொழும்பு கொட்டாஞ்சேனையில் மூத்த மகளாகப் பிறந்தார். எங்கள் தகப்பனார் ஐயா காலமானதும் நான் தையலுக்குப் போனேன். அக்கா படித்து ஆசிரியையானார். பின்னர் வெள்ளவத்தையில் குடியேறி, வீட்டு ஹோலிலேயே விஞ்ஞான வகுப்பு நடத்தினார்.

மற்ற வகுப்புகளில் ஆசிரியர் நோட்ஸ் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவார்கள். அக்காவோ பேனையை மூடிவைக்கச் சொல்வார். விளக்கி முடித்த பின்புதான், "இப்ப உங்கட சொல்லில எழுதுங்கோ" என்பார். விளங்காததைக் கேள்வியாக எழுத, கொப்பியின் ஓரத்தில் இடம் விடவேண்டும்.

ஒருநாள் ஒரு தாயார் மகளின் கொப்பியோடு வந்தார்.

"என்ன டீச்சர், கொப்பியில ஒண்டுமில்லை! மற்ற கிளாஸ் பிள்ளையள் ரெண்டாம் கொப்பி துவங்கிட்டினம்."

"கொப்பியை விடுங்கோ. மகளிட்ட ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கோ."

அவர் கேட்கவில்லை, மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வேறு சில பிள்ளைகளும் வகுப்பை விட்டு நின்றுகொண்டார்கள். வகுப்பே இல்லாமல் போய்விடுமோ என்று எனக்கு நித்திரை இல்லை.

"கொஞ்சமாவது சொல்லி எழுதுவியுங்கோவன், அக்கா."

"அதுக்குப் போட்டோக்கொப்பிக் கடை இருக்கடி."

அக்கா நோயில் விழுந்தபோது ஆஸ்பத்திரியில் நான்தான் கூட நின்றேன். டொக்டர் சொல்வதில் ஒரு சொல்லும் தவறக்கூடாதென்று அவசரமாக எழுதுவேன். பிறகு எனக்கே வாசிக்க வராது. மருந்து மாறிவிடுமோ என்று பயப்படுவேன்.

அக்கா படுக்கையிலிருந்தே சொன்னார்: "எடியே, பேனையை வை. முதல்ல கேள். விளங்கேல்லையெண்டா திருப்பிக் கேள். பிறகு எழுது."

அப்படியே செய்தேன். மருந்து ஒருநாளும் மாறவில்லை.

கடைசியில் டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டுக் கதைத்தார். நான் எதையும் எழுதவில்லை. திரும்பி வந்ததும் அக்கா கேட்டார்.

"என்னவாம்? உன்ர சொல்லில சொல்லு."

"வீட்டை போகலாமாம், அக்கா."

என் முகத்தைப் பார்த்தார்.

"சரியா விளங்கியிருக்கு" என்றார்.

வகுப்பு நடந்த அந்த ஹோலிலேயே அக்கா கண்மூடினார்.

பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், எங்களுக்குச் சமைத்துத் தந்த மேல்மாடிக் குடும்பத்தினருக்கும், இறுதிக் கிரியைகளில் ஓடியாடிய பழைய மாணவர்களுக்கும் எங்கள் நன்றி. ஒருவரை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் யார் பெயரையும் எழுதவில்லை. களைத்தும் போனேன்.

இந்தப் பக்கத்தின் ஓரத்தில் இடம் விடும்படி அச்சகத்தில் சொல்லியிருக்கிறேன். அக்காவைப் பற்றி நான் விட்டதை, உங்கள் சொல்லில் எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கை