நான்காவது பெயருக்கு ஆள் இல்லை: கல்வராயன் மலையில் ஒரு மாலை

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் எங்கள் நடைப்பயிற்சி நண்பர்கள் குழு (இரண்டு சுற்று நடை, மூன்று சுற்று வடை) போன குடியரசு தினத்தன்று முன்னாள் ராணுவ வீரர்களுக்கு நன்றி சொல்லும் விழா நடத்தியது. தொகுப்பாளர் நான், வாய் நீளம் என்பதால் கிடைத்த பதவி. “பனிமலையில் நின்று நம்மைக் காத்த ஹவில்தார் வெள்ளையன் அவர்களே!” என்று அடிவயிற்றிலிருந்து முழங்கி, மேடை ஓரத்தில் விறைப்பாக நின்றிருந்த முறுக்குமீசைக்காரருக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு சல்யூட்டும் அடித்தேன். அவர் மைக்செட்காரர்.

அந்த மனிதர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதில் சல்யூட் வேறு அடித்தார். உண்மையான வெள்ளையன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு, கல்வராயன் மலைக்கு பஸ் ஏறிப் போய்விட்டார். வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் உறைத்தது.

அதற்குப் பிறகு பத்து மாதம், நாளைக்குப் போகிறேன் நாளைக்குப் போகிறேன் என்று ஓட்டினேன். கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, என் வீட்டம்மா “மைக்செட்டுக்கு ஒரு நியாயம், பட்டாளத்துக்கு ஒரு நியாயமா?” என்று கேட்டுவிட்டு, காபி கொடுக்காமல் உள்ளே போனார். புதுப் பொன்னாடை ஒன்று வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பகல் 11.20-க்குக் கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ். கச்சிராயபாளையம் வரை சமதளம், இரண்டு பக்கமும் கரும்பும் மரவள்ளியும். அதற்கப்புறம் மலைப்பாதை. எனக்கு வளைவு என்றால் வயிறு கேட்காது. ஜன்னல் ஓர இருக்கையை ஒரு பாட்டியம்மாவிடம் கெஞ்சி வாங்கினேன். அவர் இரக்கப்பட்டு ஒரு எலுமிச்சம்பழமும் கொடுத்தார். பாதி மலையில் மூடுபனி ஆரம்பித்தது. நட்டநடுப் பகலில் கண்டக்டர் பஸ்ஸுக்குள் விளக்கைப் போடச் சொன்னார். வெள்ளிமலையில் இறங்கும்போது மணி 1.15.

வெள்ளையன் வீடு அங்கிருந்து இன்னும் பதினொரு கிலோமீட்டர். ஜீப்புக்குக் காத்திருப்பு உட்பட 1,200 ரூபாய். டிரைவர் பெயர் ஏழுமலை, முப்பது வயசு இருக்கும், நல்ல வாயாடி. சாப்பாட்டுக் கடையில் என்னோடு சரிக்குச் சரி வம்பளந்தவர், நான் ஊர்ப் பேரைச் சொன்னதும் சாம்பார் வாளியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

“பட்டாளத்தார் வூட்டுக்கா? அஞ்சு மணிக்கு முன்னாடி திரும்பிடணும் சார்.”

“ஏன், யானையா?”

“யானை இன்னா சார் யானை. யானைன்னா கண்ணுக்குத் தெரியும்ல?”

மேற்கொண்டு கேட்டதற்கு மனிதர் மோர் ஊற்றிக்கொண்டார்.

பாதை மோசம். பதினொரு கிலோமீட்டருக்கு ஒரு மணி பத்து நிமிடம். நடுவில் டயர் பஞ்சராகி முக்கால் மணி நேரம். மூடுபனி மரங்களை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு வந்தது. ஊருக்குள் நுழையும்போது மணி 4.25. இருபது வீடு இருக்கும். பதினைந்துக்கு மேல் பூட்டிக் கிடந்தன. காபி எஸ்டேட், மிளகுத் தோட்டம் என்று பாதி ஊர் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் வேலைக்குப் போய்விட்டது. நாய்கூடக் குரைக்கவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

வெள்ளையனின் மருமகள் மல்லிகா வாசலுக்கு வந்தார். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லி, மைக்செட் கதையையும் இழுத்தேன். அவர் சிரிக்கவில்லை.

“சால்வையெல்லாம் அப்பறம் சார். மாமா ரெண்டு நாளா சோறு துன்னல. காய்ச்சல் நெருப்பாக் கொதிக்குது. அஞ்சு மணியானா போய் நின்னுக்கினு, இருட்டற வரைக்கும் அந்தப் பனியில நிக்கறாரு. இன்னைக்கும் நின்னா ஆளு தங்க மாட்டாரு.”

எங்கே போய் நிற்கிறார் என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் கை காட்டினார். சாமை அறுத்த காட்டில், இடுப்பு உயரத்துக்கு நான்கு கல் நட்டிருந்தது, வரிசையாக, சம இடைவெளியில். நாலாவதைப் பனி பாதி மறைத்திருந்தது.

விஷயம் இதுதான். நாற்பது வருடத்துக்கு முன், வடக்கே ஒரு பனிமலையில், வெள்ளையன் தன் ஆட்களோடு மேல் காவல் போஸ்டுக்கு மண்ணெண்ணெயும் தபாலும் கொண்டு போனார். வழியில் ஒரு தபால் பை விழுந்துவிட்டது. அதை எடுக்க அவர் மட்டும் முந்நூறு அடி கீழே இறங்கினார். திரும்பி நிமிர்ந்தால் மேலே யாரும் இல்லை. பனி சரிந்து, வெறும் வெள்ளை. அன்று சாயங்காலம் முகாமில் ஆள் கணக்கு எடுக்க வேண்டியவரும் அவர்தான். பெயர்களைக் கூப்பிட்டார். பதில் இல்லை. பதில் வராத அணியைக் கலைக்க அவருக்கு மனசு வரவில்லை.

ஊருக்கு வந்த பிறகும் ஐந்து மணியானால் கூப்பிட ஆரம்பித்தார். பார்க்கப் பொறுக்காமல் ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு பெயரைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவர் கூப்பிட்டால் அந்தந்தக் கல்லுக்குப் பின்னால் நின்று “ஹாஜர்” என்பார்கள். நாலு பேரும் சொன்னால்தான் கலைந்து சாப்பிடப் போவார். முதல் பெயர் மல்லிகாவுடையது. இரண்டாவது ஒரு ஆட்டுக்காரர், மூன்றாவது பெட்டிக்கடைக்காரர். நான்காவது பெயரைச் சொல்லி வந்தவர் முந்தாநாள் மிளகு பறிக்கப் போய்விட்டார்.

“நீங்க ஒரு தடவ சேத்து சொன்னா இன்னா?” என்று புத்திசாலித்தனமாகக் கேட்டேன்.

“ஒரு வாய்க்கு ஒரு பேருதான் சார். ரெண்டு பேருக்கு வாய் கொடுத்தா, எது நம்பளுதுன்னு அதுங்களுக்குத் தெரியாம பூடும்” என்றார் அதற்குள் வந்து சேர்ந்திருந்த ஆட்டுக்காரர். ரேஷன் கார்டு விதி சொல்வதைப் போல, சாதாரணமாக.

நான் ஏழுமலையைப் பார்த்தேன். “ஆள வுடு சார். நான் தெனம் இந்த ரோட்டுல வண்டி ஓட்றவன்” என்று ஜீப்புக்குள் ஏறிக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டார். ஆக எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு யாருடைய பெயரும் கிடையாது. சும்மா கிடக்கும் வாய்.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வெள்ளையன் வெளியே வந்தார். கம்பளி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. கால் நடுங்கியது, முதுகு நேராக இருந்தது. நான் பொன்னாடையைப் பிரித்து, மன்னிப்பும் நன்றியும் கலந்து உளறினேன்.

“அந்த மைக்செட்டுக்காரன் காலையிலேர்ந்து வெயில்ல நின்னுக்கினு இருந்தான். அவனுக்குப் போட்டதுல தப்பே இல்ல” என்றார். “எனக்கு எதுக்கு நன்றி? நான் திரும்பி வந்தவன். அதோ நிக்கறாங்க பாரு, அவங்களுக்குச் சொல்லு.”

கை காட்டிய இடத்தில் கல்தான் இருந்தது.

“பகதூருக்குத்தான் குளிரு ஜாஸ்தி. இத அங்க போத்து. போத்திட்டு அங்கயே நில்லு.”

போனேன். மூன்று கற்களைத் தாண்டும்போது தடுமாறி ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டேன், ஐஸ் கட்டிபோல் இருந்தன. நாலாவது கல்லில் பொன்னாடையைப் போர்த்தியபோது கை சுட்டது. கொதிக்கவில்லை, ஒரு உடம்பு சுடுகிற அளவு. கையை எடுத்துவிட்டேன். பேண்ட்டில் துடைத்தேன், எதற்கென்று தெரியவில்லை.

“நாயக் தர்சன்!”

“ஹாஜர்” என்றார் மல்லிகா.

“சிப்பாய் பிலிப்!”

“ஹாஜர்.”

“சிப்பாய் மங்கல்!”

பெட்டிக்கடைக்காரர் குரல் பனிக்குள்ளிருந்து வந்தது. ஆளைக் காணவில்லை.

“பகதூர்!”

வாயைத் திறந்தேன். வரவில்லை. ஐம்பத்திரண்டு வயதுவரை, தூக்கத்தில்கூட ஓயாத வாய். இரண்டாம் முறை கூப்பிட்டார். அப்போதுதான் பின்கழுத்தில் பட்டது: சூடான, ஈரமான மூச்சு. நீளமாக ஒரு முறை. நனைந்த கம்பளி வாடை. எனக்குப் பின்னால் ஈரமண்ணில் யாரோ எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொள்ளும் சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள்.

மூன்றாம் முறை கூப்பிடும்போது வெள்ளையனின் குரல் உடைந்தது. அந்த உடைசலைக் கேட்டுத்தான் என் வாய் திறந்தது. “ஹாஜர்!” என்று கத்தினேன். எதிர்ச்சரிவுவரை போய்த் திரும்பி வந்தது.

வெள்ளையன் மெதுவாக, “கலையலாம்” என்றார். உள்ளே போய்ச் சாமைச் சோறு இரண்டு கரண்டி சாப்பிட்டார், மாத்திரை போட்டுக்கொண்டார். மல்லிகா அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது என்னிடம், “அவரு மிளகு பறிச்சுட்டு வர வரைக்கும் இது உங்க பேரு சார். இருக்கற எடத்துல இருந்தே சொன்னா போதும். மாமாகிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றார். ஏதோ கேஸ் சிலிண்டரை வாங்கி வைக்கச் சொல்வதுபோல.

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பல் டாக்டர் நாற்காலியில் பஞ்சோடு சொன்னேன். ஒரு கல்யாண வரவேற்பில், மணமக்களுக்கு நடுவில் போட்டோவுக்கு நின்றபடி சொன்னேன். வெள்ளையனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மேடையில் அடித்த சல்யூட்டெல்லாம் எனக்காக நான் அடித்துக்கொண்டது என்று இப்போது தோன்றுகிறது. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை.

போக நினைப்பவர்களுக்கு: கார்த்திகை, மார்கழியில் கம்பளி கட்டாயம். வெள்ளிமலையைத் தாண்டினால் செல்போன் பொம்மைதான். மலைப்பாதைக்கு முன் சாப்பிடாதீர்கள். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வையுங்கள், எனக்கு 6.40-க்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். அந்த ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை.

ஊர் திரும்பியதும் பகதூரைப் பற்றி எங்கள் குழுவில் கண்ணீர் வரப் பேசினேன். நேபாளத்து மலையிலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பிள்ளை, அவன் அம்மா எப்படித் தவித்திருப்பாளோ என்றெல்லாம். நெகிழ்ந்துபோய் நாலு பேருக்கும் படத்தோடு பிளக்ஸ் வைப்பதென்று முடிவானது. படம் கேட்டு மல்லிகாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வெள்ளிமலைக்கு வந்தபோது, நேற்று, வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பனியில் நான்கு பேரும் வரிசையாக நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம். கீழே வெள்ளையன் கையெழுத்தில் பெயர்கள். தர்சன், பிலிப், மங்கல் மூவரும் தொப்பி அணிந்திருக்கிறார்கள். பகதூர் முதுகில் இரண்டு மண்ணெண்ணெய் டின்களோடு, காதை விறைத்துக்கொண்டு, நான்கு காலில் நிற்கிறது. நல்ல உயரமான கோவேறு கழுதை.