யாரு துண்டு இது?

நார்வேயில் பெர்கன் என்ற ஊரில் இருக்கிறேன். இங்கே பஸ்ஸில் ஒருவர் தன் பக்கத்து இருக்கையில் பையை வைத்திருந்தால், இங்கே உட்காராதே என்று அர்த்தம். வந்த முதல் வாரம் எனக்கு இது தெரியாது. காலையில் வேலைக்குப் போக ஏறினால், இருக்கைக்கு ஓர் ஆள், பக்கத்தில் ஒரு பை. இத்தனை பேர் அடுத்த நிறுத்தத்தில் ஏறப்போகிறார்களா என்று மலைத்துப்போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டு நிறுத்தம் நின்றே போனேன். ஒருவரும் ஏறவில்லை. இறங்கும் முன் ஒரு பெண்மணியிடம், "உங்கள் ஆள் வரவில்லையா?" என்று அரைகுறை நார்வேஜியனில் கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "யார்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மதுரையில் டவுன் பஸ் ஏறியவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். நம் ஊரில் இருக்கையில் ஒரு பொருள் கிடந்தால் ஆள் வருகிறது என்று அர்த்தம். பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு விழும், கைக்குட்டை விழும், டிபன் பாக்ஸ் விழும். எதுவும் கையில் இல்லாதவர் செருப்பைக் கழற்றிப் போட்டதையும் பார்த்திருக்கிறேன். நானும் தங்கச்சி மீனாவும் இதை வைத்து ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஒத்தக்கடை பஸ் ஏறியதும், ஆள் வருவதற்குள் அந்தப் பொருளை வைத்து ஆளைச் சொல்ல வேண்டும். சிமெண்டுக் கறை படிந்த துண்டு என்றால் கொத்தனார். பரீட்சை அட்டை என்றால் நகம் கடிக்கிற அக்கா. தோற்றவள் ஊர் வரைக்கும் இரண்டு பேர் பையையும் சுமக்க வேண்டும். பெரும்பாலும் மீனாதான் சுமந்தாள்.

இங்கே என் வேலை, மென்பொருளில் ஓட்டை இருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்ப்பது. அலுத்துப்போய், நூலகத்தில் நடக்கும் புதன்கிழமை ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியை ஆஸ்த்ரி நல்ல மனுஷி. "குழந்தையாக விளையாடியதைக் கொண்டுவாருங்கள். தினமும் கண்ணில் படுவதைக் கொண்டுவாருங்கள். கலைக்கு அதுவே போதும்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்றிலிருந்து நான் பஸ் இருக்கைகளை வரைந்தேன். ஆள் இல்லாத இருக்கை, அதன்மேல் ஒரு பொருள். குளிர்காலம் முழுக்க வரைந்ததில் பதினான்கு படம் சேர்ந்தது.

வகுப்பின் கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆஸ்த்ரி என் படங்களைப் புரட்டிப் பார்த்தார். "நன்றாக இருக்கிறது. ஆனால் உன் நாடு இதில் எங்கே? வாசலில் ஒரு கோலம் போடேன். புடவை கட்டிக்கொண்டு வந்தால் இன்னும் அழகாக இருக்கும்" என்றார்.

"எனக்குக் கோலம் போட வராது" என்றேன்.

"நீ இந்தியப் பெண்தானே?"

"எங்கள் வீட்டில் அம்மா காளவாசல் கடையில் ஸ்டிக்கர் கோலம் வாங்கிவந்து ஒட்டிவிடுவார்."

நகைச்சுவை என்று நினைத்து அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் முகம் மாறியது. இந்தப் படங்கள் பார்ப்பவர்களுக்குப் புரியாது, கோலம் இல்லையென்றால் சுவரில் என் பங்கை வேறொருவருக்குத் தரவேண்டியிருக்கும் என்று மெதுவாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளையாட்டைக் கொண்டுவா என்று சொன்னதும் இவர்தான். எந்த விளையாட்டு என்று முடிவு செய்வதும் இவர்தானாம். "அப்படியானால் சுவர் வேண்டாம்" என்று படங்களை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

இம்புட்டுக் கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்குக் கப்பலூரில் ரப்பர் கம்பெனி வேலை. ஒரு சனிக்கிழமை நாங்கள் குடும்பமாகப் பெரியாரில் பஸ்ஸுக்கு நின்றோம். அப்பா ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டார். நாங்கள் முண்டியடித்து ஏறியபோது, அந்த இருக்கைக்கு முன்னால் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நின்றிருந்தார். அவர் வீட்டு வயலில்தான் என் தாத்தா கூலி வேலை பார்த்தார். "யாரு துண்டு இது?" என்றார். அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் எனக்கு விளையாட்டுப் புத்தி. மீனாவை முந்திக்கொண்டு, "எங்கப்பா துண்டு!" என்று கத்தினேன். அவர் திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

"நீயெல்லாம் எடம் போடுற அளவுக்கு வந்துட்டியாடா?" என்று சொல்லி, துண்டைக் குடைக்காம்பால் தூக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டார்.

மழை பெய்து தரையெல்லாம் சகதி. அப்பா இறங்கினார். துண்டை எடுத்து இரண்டு தரம் உதறினார். மறுபடி ஏறிவந்து, சகதியோடு அதே இருக்கையில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார். "பஸ்ஸு கவர்மெண்டு பஸ்ஸு. துண்டு என் துண்டு" என்றார். குரல் கொஞ்சம் நடுங்கியது. கண்டக்டர் விசில் கொடுத்தார். அந்த ஆள் ஒத்தக்கடை வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா எங்கள் இரண்டு பேர் முதுகிலும் ஒன்று வைத்து, "இனி வெளையாட்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்றார். அடுத்த சனிக்கிழமை நாங்கள் இன்னும் சத்தமாக விளையாடினோம்.

கண்காட்சி நாளன்று படங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் முன்னதாகவே நூலகத்துக்குப் போனேன். கூடத்து நாற்காலிகளில் எட்டை எடுத்து, நுழைந்ததும் கண்ணில் படும்படி இரண்டிரண்டாகப் போட்டேன். வீட்டிலிருந்து கொண்டுபோன ஈரிழைத் துண்டு, டிபன் பாக்ஸ், பரீட்சை அட்டை, வயர் கூடை, ஒற்றைச் செருப்பு, குடை. ஆறு நாற்காலிக்குத்தான் பொருள் இருந்தது. சுவரில் ஓர் அட்டையை ஒட்டி, "இவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். யார் என்று சொல்லுங்கள்" என்று நார்வேஜியனில் எழுதினேன்.

ஆஸ்த்ரி ஓடிவந்தார். "இதையெல்லாம் எடுத்துவிடு. வருகிறவர்கள் உட்கார வேண்டாமா?"

"உட்கார அங்கே முப்பது நாற்காலி இருக்கிறது. இதில் ஆள் வருகிறது" என்றேன்.

அவர் குடையை எடுக்கக் கை நீட்டினார். நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன். என் குரலும் நடுங்கியது. அதற்குள் கதவு திறந்து ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், அவர் கையை இழுத்துக்கொண்டார். வயதான ஒருவர் அட்டையைப் படித்துவிட்டு, செருப்புக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "அவசரக்காரி. ஒரு கால் சற்றுக் கட்டை" என்றார். அவர் மனைவி, "இல்லவே இல்லை, இது ஆண்பிள்ளைச் செருப்பு" என்று சண்டைக்குப் போனார். பின்னால் வந்தவர்கள் டிபன் பாக்ஸைத் திறந்து மோந்து பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் அங்கே ஒரே கூச்சல். கோலம் இல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. ஆஸ்த்ரி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் வரவில்லை, நானும் போகவில்லை.

அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே சாப்பாட்டு நேரம், கையில் சோற்றுப் பருக்கையோடு எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு நாற்காலியாகக் காட்டினேன். துண்டு வந்ததும் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு விரலை நீட்டி நாற்காலிகளை எண்ணினார்.

"கடைசி ரெண்டு சும்மா கெடக்கே. அம்புட்டுப் பேருக்கும் எடம் போட்டுட்ட, ஒனக்கு எங்கத்தா போட்ருக்க? அங்கயா, இங்கயா?"

"ரெண்டு எடத்துலயும்தான்ப்பா."

"ஒரு ஆளுக்கு ரெண்டு சீட்டா? சண்டைக்கு வருவாய்ங்கத்தா."

"வரட்டும்ப்பா" என்றேன்.

போனை அப்பாவுக்குத் தெரியும்படி பக்கத்து நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, கழுத்திலிருந்த கம்பளித் துண்டை உருவினேன். இரண்டு நாற்காலியையும் நெருக்கிப் போட்டு, குறுக்காக விரித்தேன்.