பையில் போட்ட ராஜினாமா

புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கும் ஜீப்பில்தான் அந்தத் தபால்காரரைப் பார்த்தேன். வலது முழங்காலில் துணிக்கட்டு. ஜீப் எவ்வளவு குலுங்கினாலும் தபால் பையைக் கீழே வைக்காமல் மடியிலேயே அணைத்திருந்தார்.

“முட்டி தாங்கல சார். வேலைய வுட்டுட்றேன்னு போன வாரம் லெட்டர் எய்தி, இதே பையில நானே கொண்டுபோனேன். இன்னிக்கு அத வாபஸ் வாங்கிக்கிறேன்னு எய்தி எடுத்துனு போறேன்.”

“ஏங்க?”

“நான் நின்னுட்டா இந்த மலைக்கு வேற யாரு வருவாங்க? அன்னிக்கே, பாதி மலை எறங்கறப்பவே மனசு மாறிடுச்சு.”

எனக்கு எரிச்சலாக வந்தது. “லெட்டர் உங்க பையிலதானே இருந்தது? அங்கயே கிழிச்சுப் போட்டிருக்கலாமே!”

சலிப்போடு என்னைப் பார்த்தார். “முத்திர குத்திப் பையில போட்டப்புறம் அது இன்னா சார் என் லெட்டரா? ஆபீசர் லெட்டராச்சே.”

“இப்ப வாபஸ் ஒத்துக்குவாங்களா?”

“தெரியல சார்.”

திருப்பத்தூரில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நொண்டியபடியே போனார்.

அவர்கள் ஒத்துக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. என்ன பதில் வந்திருந்தாலும், அதையும் அவர்தான் மலைக்குச் சுமந்து போயிருப்பார். தன் வீட்டு வாசல் வரும்வரை பிரித்திருக்க மாட்டார்.