தமிழா, மலையாளமா

பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்தான் டாக்டர் அந்தக் கருவியை வைத்திருப்பார். சர்க்கரை பார்க்கிற மெஷின் மாதிரி இருக்கும், உள்ளங்கையில் அடங்கிவிடும். நாயின் காலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம், ஒரு பட்டை, ஒரு சின்னச் சத்தம், பிறகு ஒரு எண். கேரளத்து எல்லைக்குள், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அந்த மிருக ஆஸ்பத்திரி. நாய்களைப் பிடித்துக்கொள்ளவும் தரையைத் துடைக்கவும் அங்கே சேர்ந்தவள் நான். அந்த எண் என்ன சொல்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "உடம்புல ரத்த ஓட்டம் தளந்து போச்சுன்னா சதை உள்ளுக்குள்ளயே புளிக்கும், கேட்டியளா அக்கா. தோசை மாவு புளிக்கியது போலயாக்கும். எவ்வளவு புளிச்சிருக்குன்னு இது சொல்லும்" என்றார். அதன் பெயர் லாக்டேட். சாகக் கிடக்கிற நாய் வந்தால் வந்தவுடன் ஒரு தடவை பார்ப்பார். மருந்தும் ட்ரிப்பும் ஏற்றி, சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பார்ப்பார். முதல் எண்ணை வைத்து அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை. இரண்டாவது எண் இறங்கியிருந்தால் நாய் பெரும்பாலும் எழுந்து நடக்கும். இறங்காவிட்டால் பெரும்பாலும் நடக்காது. அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லை அவர் விடவே மாட்டார். கேட்கிறவர்கள் அதைக் காதில் வாங்கவே மாட்டார்கள்.

டாக்டர் என்னைவிட வயதில் இளையவர். பாறசாலைப் பக்கம் தமிழ் பேசுகிற வீடு. மருத்துவம் படித்ததெல்லாம் வடக்கே, மலையாளத்துப் பிள்ளைகளின் நடுவில். இங்கே எல்லோருக்கும் இரண்டும் ஓடும். பேச்சின் நடுவில் எந்த இடத்தில் அந்தப் பக்கம் போனோம், எப்போது திரும்பி வந்தோம் என்று பேசுகிறவருக்கே தெரியாது. ஆனால் டாக்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. இரண்டாவது எண் நன்றாக இருந்தால் வாசலுக்கு வந்து "பாருங்கோ" என்று தமிழில் தொடங்குவார். கெட்டதாக இருந்தால் அதையே "நோக்கூ" என்று மலையாளத்தில் தொடங்குவார். சுத்த மலையாளத்து வீட்டுக்காரர்களிடமும் நல்ல சேதியைத் தமிழில்தான் சொல்வார். இது அவருக்கே தெரியாது. அம்மாவிடம் சோறு கேட்கிற மொழியில் சாவைச் சொல்ல அவருக்கு நாக்கு வளையவில்லை போலும் என்று நினைத்துக்கொள்வேன்.

வெளியே ஒரு நீளப் பெஞ்சு கிடக்கும். அதில் காத்திருந்து காத்திருந்து ஜனங்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு டாக்டர் என்ன சொல்கிறார் என்று யாரும் கேட்கவில்லை, முதல் சொல் எந்த மொழி என்று மட்டும் கேட்டார்கள். நமது ஆட்களின் வாயைப் பற்றிச் சொல்லவா வேண்டும், நாய்க்கு இங்கே பட்டி என்றுதான் பேர். "எலே, ஒனக்க பட்டிக்கித் தமிழ்ல வந்தா நீ எனக்கு ஒரு சாயா வாங்கித் தா. மலையாளத்துல வந்தா நான் ஒனக்கு வாங்கித் தாறேன்" என்பார்கள். கேட்டவனும் சிரிப்பான், கண் மட்டும் கதவிலேயே இருக்கும். செங்கல் என்ற ஊரில் நாய்ப் பண்ணை வைத்திருந்த ஒருவர், இணை சேர்க்க வைத்திருந்த பெரிய கடா நாயை வயிறு ஊதிய நிலையில் கொண்டுவந்தார். அன்று டாக்டர் வாசலுக்கு வந்து "நோக்கூ" என்றார். அடுத்த சொல் வருவதற்குள் அந்த மனுஷன் வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். "பின்ன வாறேன் சாரே" என்று போனவர் திரும்பவே இல்லை. அந்த நாய் மறுநாள் மத்தியானம் வரைக்கும் உயிரோடு கிடந்தது. ரோட்டில் ஒவ்வொரு வண்டிச் சத்தம் கேட்கும்போதும் காதைத் தூக்கியது. பெஞ்சுக்கு அதிலும் ஒரு சிரிப்பு. "பண்ணைக்காரரு மலையாளத்துல ஒரு வார்த்தைதான் படிச்சிருக்காரு, அவருக்கு அது போதும்" என்றார்கள்.

கடைசியில் பெருங்கடவிளையிலிருந்து வந்த ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் டாக்டரின் முகத்துக்கு நேராகவே போட்டு உடைத்தார். "சாரே, எப்படியாவது எனக்க பட்டிக்கித் தமிழ்ல சொல்லிருங்கோ" என்றார். டாக்டருக்கு விளங்கவில்லை. பெஞ்சில் இருந்த எல்லோரும் சேர்ந்து சிரித்துச் சிரித்து விளக்கினார்கள். டாக்டரும் சிரித்தார், ஆனால் காது மடல் சிவந்துவிட்டது. தன் நாக்கைத் தானே பார்க்கத் தொடங்கியவருக்கு அப்புறம் பேச்சு சரியாக வராது. அதன்பின், வெளியே வருவதற்கு முன்னால் அவர் கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் அம்பூரி மேட்டிலிருந்து ஒரு அம்மா வந்தாள். ரப்பர் வெட்டுகிறவள், புருஷன் இல்லை. விடிவதற்கு முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகும்போது அவளுக்கு முன்னால் போவது ஒரு நாட்டு நாய். அன்றைக்கு அவள் கால் வைக்கவேண்டிய இடத்தில் அது வாயை வைத்துவிட்டது. கண்ணாடி விரியன். சாக்கில் சுற்றி மடியில் போட்டு ஆட்டோவில் கொண்டுவந்தாள். மூஞ்சி வீங்கி ஒரு கண் மூடிவிட்டிருந்தது. "இது எனக்குள்ள கடியாக்கும் சாரே" என்று மட்டும் சொன்னாள். விஷமுறிவு மருந்து ஏறியது. முதல் எண் பெரிதாகத்தான் இருந்தது. அவள் பெஞ்சில் உட்காராமல் நாயின் தலைமாட்டிலேயே நின்றாள். இடையில் ஒரே ஒரு தடவை, கடி விழுவதற்கு முன்னால் வெட்டின மரங்களின் ரப்பர்ப் பால் சிரட்டையிலேயே கட்டிப்போகுமே என்று முனகினாள். பால் போனால் முதலாளி நாளைக்கு வேறு ஆளை விடுவான்.

இரண்டாவது எண் ஏறியிருந்தது. நான்தான் நாயைப் பிடித்திருந்தேன், எண்ணை நானும் பார்த்தேன். பட்டையை மாற்றி இன்னொரு தடவை பார்த்தார், அதேதான். அவளை வாசலுக்குக் கூப்பிட்டார். பெஞ்சு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது. அவள் அவருடைய கண்ணைப் பார்க்கவில்லை, வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாருங்கம்மா, மருந்து போய்க்கிட்டு உண்டு. பாப்போம்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மொழி மட்டும்தான் பொய். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பெஞ்சிலிருந்து ஒருவர், "தமிழ்லல்லா வந்திருக்கு எக்கா, இனி எதுக்கு நிக்கிய? போய்ப் பாலை எடும்" என்றார். அவள் நாயின் நெற்றியில் கையை வைத்து, "மக்கா, நான் போய்ப் பாலை எடுத்துட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். டாக்டர் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார், ரொம்ப நேரம்.

அவள் போனபின் நாய் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுத்தேன். அது என் கையை மோந்து பார்த்தது. அவள் கையில் ரப்பர்ப் பால் நாற்றம் இருந்திருக்கும், என் கையில் தரை துடைக்கிற லோஷன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. வெயில் சாய்வதற்குள் முடிந்துவிட்டது. எத்தனையோ நாய்கள் என் கையில் போயிருக்கின்றன. என் கை வேண்டாம் என்று போனது அது ஒன்றுதான்.

அவள் சாயங்காலம் தூக்குவாளியோடு வந்தாள். உள்ளே சாளை மீன் பிசைந்த சோறு. சாக்கைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். அழவோ கத்தவோ இல்லை, கத்தியிருந்தால் டாக்டருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "எனக்கு மலையாளம் தெரியாதா சாரே? ஒரு 'நோக்கூ' சொல்லியிருந்தா நான் பால் எடுக்கப் போயிருக்க மாட்டேனே" என்றாள். அவள் வாளியை என்னிடம் நீட்டினாள். "இங்க கெடக்கிய எதுக்காவது போடுங்கோ." பிறகு நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். அவளை நான் அப்புறம் பார்க்கவில்லை. இப்போது கையில் ஒரு கம்பை வைத்துத் தரையைத் தட்டிக்கொண்டே வெட்டப் போகிறாளாம்.

அன்றிலிருந்து டாக்டர் சேதி சொல்வதை விட்டுவிட்டார். கண்ணாடிக் கூட்டிலிருந்து எடுக்கிற அதே கருவிதான். இரண்டாவது எண் வந்ததும் அதை அப்படியே நாய்க்காரர் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். எண் பொய் சொல்லாது என்று அவருக்கு ஒரு நிம்மதி. ஜனங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். பிறகு என்னிடம் நீட்டுகிறார்கள். போன வாரம்கூட ஒரு உபதேசியார், வெள்ளை ஜிப்பாவெல்லாம் நாய் ரோமம், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"இது தமிழா மலையாளமா, அக்கா?"

எண் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். "நாயிக்க பக்கத்துல போய் இருங்கோ." அவர் உள்ளே போனார். எல்லோரும் போவதில்லை. சிலர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கருவியை என் கையில் திரும்ப வைத்துவிட்டு, பையில் வண்டிச் சாவியைத் தேடுகிறார்கள்.