அகராதியில் இரண்டு ‘கேஷ்’

புலவர் சவரிமுத்து காலமான செய்தியைக் கறம்பக்குடி பஸ்ஸில் கேட்டேன். எங்களிடம் படித்த கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடி சொன்னார்: “தமிழய்யா போயிட்டாங்க சார். முந்தாநாளே அடக்கம் முடிஞ்சிருச்சு.” எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, ஒரு நிம்மதி. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து, அதன் நாணயமான அம்மன் காசு செல்லாமல் போன சில ஆண்டுகளுக்குப் பின், கறம்பக்குடியில் ஒரே பள்ளியில் அவர் தமிழும் நான் ஆங்கிலமும் நடத்தினோம். சம வயது. அவர் சைக்கிளில்தான் நானும் போவேன். மேட்டில்கூட இறங்க விடமாட்டார். “ஒக்காருங்க சார், இங்கிலீஷ் என்ன அம்புட்டுக் கனமா?” என்பார்.

இலக்கிய மன்றக் கூட்டம் ஒன்றில், பெற்றோர்களும் இருக்க, ‘காசு’ என்ற சொல்லைப் பற்றிப் பேசினார். “ஆங்கிலத்தில் ‘கேஷ்’ இரண்டு உண்டு. ரொக்கத்தைக் குறிப்பது பணப்பெட்டியைக் குறித்த ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. நம் நாட்டுச் சிறு நாணயத்தைக் குறித்த ‘கேஷ்’ நம்முடைய காசு. போர்த்துக்கீசியர் வாய்வழியாகப் போனது. இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமை பேசக்கூடாது” என்றார்.

நன்றியுரை என்னுடையது. “புலவரை விட்டால் லண்டனே கறம்பக்குடியிலிருந்து போனது என்பார்” என்றேன். கூடமே சிரித்தது. அவரும் சிரிக்க முயன்றார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, “அகராதியப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்” என்றார்.

மறுநாள் பள்ளி நூலகத்தில் கையெழுத்துப் போட்டுப் பெரிய அகராதியை எடுத்துப் புரட்டினேன். ‘கேஷ்’ தனித்தனியாக இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டாவதன் கீழே தமிழ் என்று போட்டிருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

அந்த வாரமே தலைமையாசிரியர் அழைத்தார். யாரோ புகார் செய்திருந்தார்கள். “பிள்ளைகளுக்குக் கண்டதையும் சொல்லிக் குடுக்குறாராமே? இங்கிலீஷுக்கு நீங்கதான். அவரு சொன்னது சரியா, தப்பா?”

“எனக்குத் தெரிஞ்சு அவரு சொல்ற மாதிரி இங்கிலீஷ்ல இல்லீங்க சார்” என்றேன்.

மேல் வகுப்புகளை அவரிடமிருந்து எடுத்துவிட்டு ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். பையன்கள் முதுகுக்குப் பின்னால் ‘கேஷ் புலவர்’ என்றார்கள். அவர் அப்புறம் மேடை ஏறவேயில்லை. ஆனால் தினமும் காலையில் என் வீட்டு வாசலில் சைக்கிளோடு நிற்பார். நான்தான் தாங்கமாட்டாமல் ஒரு மாதத்தில் சொந்தமாகச் சைக்கிள் வாங்கிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன். மிகவும் இளைத்திருந்தார். பிள்ளைகளைப் பற்றி விசாரித்துவிட்டு, விடைபெறும்போது சொன்னார்:

“லைப்ரரிப் பொறுப்பு அப்ப எங்கிட்டத்தான் இருந்துச்சு சார். ரிஜிஸ்தர்ல ஒங்க கையெழுத்தப் பாத்தேன். அந்த அகராதிதான் எடுத்திருந்தீங்க. நானே அதத் தூக்கிட்டுப் போய்க் காட்டியிருக்கலாம். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

குரலில் கோபமில்லை. அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. “ஒடம்பப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

அன்று சிரித்தவர்களில் சிலர் இதைப் படிக்கக்கூடும். அவர் சொன்னது சரி. எனக்கு அது மறுநாளே தெரியும். ‘நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்’ என்ற வாக்கியம் ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. நானாகச் சொல்ல, அவர் இல்லாமல் போகவேண்டியிருந்தது.